பேர்ப் பொருத்தம்

பரீட்சை என்றால் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குப் பசிக்கும். அந்தப் பரீட்சைக்குப் படித்த நாட்களில் கம்பெனி பஸ்ஸில் நான் தின்று தீர்த்த கடலை மிட்டாயைப் பார்த்துவிட்டு, "நீ பாஸாவறியோ இல்லியோ, ஒரு கல்லக்கா கொல்லையவே காலி பண்ணிட்ட" என்றார் மங்கம்மா அக்கா.

ஓசூர் சிப்காட்டில் லாரிகளுக்குக் கியர் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே ஐ.டி. பிரிவு. கேட்க கெத்தாகத்தான் இருக்கும். செய்வது என்னவோ டிக்கெட் போடும் வேலை. டிசைன் பிரிவில் ஒருவருக்கு ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்துவிடும் அதிகாரம் பெங்களூர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. நான் கம்ப்யூட்டரில் புகாரைப் பதிந்து அனுப்பிவிட்டு, வந்தவரிடம் "பெங்களூருக்குச் சொல்லியிருக்கேன்" என்பேன். அந்தப் புகாருக்குத்தான் டிக்கெட் என்று பெயர். அதனால் கம்பெனியில் நான் டிக்கெட் அனு. அனுப்ரியா என்று யாரும் கூப்பிடுவதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் நான் முன்னே எங்கோ கண்டக்டராக இருந்தவள் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

பெங்களூரில் அந்த அதிகாரத்தை வைத்திருப்பவர் பிரதாப். தங்கமான மனுஷன். எப்போது கூப்பிட்டாலும் "மாடோணா மேடம், மாடோணா" என்பார். செய்வோம் என்று அர்த்தம். எப்போது செய்வோம் என்பது மட்டும் அந்தக் கன்னடத்தில் இருக்காது. அவர் செய்வதற்குள் டிராயிங் இல்லாமல் இங்கே மெஷின் நின்றுபோகும், சூப்பர்வைசர் வந்து என்னைத்தான் வறுத்தெடுப்பார். கையில் சாவி கொடுக்காமல் கதவுக்குப் பக்கத்தில் என்னை எதற்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம்தான் பெட்டி வந்தது. பீரோ உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. கம்பெனியின் அத்தனை ஃபைலும் இனி அதற்குள்தான் இருக்கும். யார் எதைத் திறக்கலாம், யாருக்கு எவ்வளவு இடம், போன வாரம் தெரியாமல் அழித்ததை இன்று எப்படி மீட்பது, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், சொல்லத் தெரிந்தவர் சொல்லிவைத்தால். அதன் முன்பக்கம் நீல விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் யாரைப் பார்த்தும் இப்படி ஆனதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மேனேஜர் பாஸ்கரன் சார் பிரிவில் எல்லோரையும் கூப்பிட்டார். "பெட்டி செஞ்ச கம்பெனி ஒரு பரீட்ச வெக்குது. நம்ம ஓசூர்ல ஒருத்தர் அதுல பாஸ் பண்ணா அட்மின் பாஸ்வேர்டு நம்ம கைக்கு வரும். இந்த மாசக் கடைசிக்குள்ள பண்ணலன்னா அது பெங்களூர்லயே இருந்துட்டுப் போவுதுன்னு மேல சொல்லிட்டாங்க. யாருனா..."

"நான் எழுதறேன் சார்" என்றேன். அவர் பேச்சை முடிக்கக்கூட விடவில்லை.

தோற்றால் மறுபடி எழுதச் சில வாரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்தப் பரீட்சையின் சட்டம். அதற்குள் மாதம் போய்விடும். ஆக, ஒரே தடவை. சர்டிஃபிகேட்டுக்குச் சட்டம் போட்டு மாட்டும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. ஃபோல்டர் திறக்கவில்லை என்று ஒருவர் வந்தால், "உக்காருங்க" என்று சொல்லி, அவர் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திறந்துவிட வேண்டும். அந்தச் சுகத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் படிப்பேன்.

படித்தது முழுக்க பஸ்ஸில்தான். பர்கூரில் ஏறினால் கிருஷ்ணகிரி, சூளகிரி தாண்டி ஓசூர் போய்ச் சேருவதற்குள் ஒரு பாடத்தை முடித்துவிடலாம். திரும்பும்போது மாதிரிக் கேள்விகள். என் போனை வாங்கிக் கேள்வி கேட்பது மங்கம்மா அக்காவின் பொறுப்பு. அவர் கியர்ப் பல்லைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி, நடுவில் தெலுங்கில் நாலு வார்த்தை சேர்த்து வாசிப்பார். கேள்வி புரிகிறதோ இல்லையோ, பின் சீட்டிலிருந்து "பி போடு! பி போடு!" என்று குரல் வரும். புரியாமலே அடித்துச் சொல்லும் துணிச்சல் எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் உண்டு. சில நேரம் அவர்கள் சொன்னது சரியாகவும் இருந்து என்னை வெறுப்பேற்றியது.

பாடங்களுக்கு பஸ்ஸே பெயர் வைத்துவிட்டது. ஆளுக்கு இவ்வளவு இடம் என்று அளந்து கொடுக்கும் பாடம், ரேஷன். அழித்ததை மீட்க அவ்வப்போது எடுத்துவைக்கும் நகலைப் பற்றிய பாடம், போட்டோ. நேம் மேப்பிங் என்று ஒன்று உண்டு. அதற்கு மங்கம்மா அக்கா வைத்த பெயர், பேர்ப் பொருத்தம். "ஜாதகம் இல்லாதவங்களுக்குப் பாப்பாங்களே, அது மாதிரிதானே?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான்.

எங்கள் கம்பெனியிலேயே டிசைன் பிரிவில் விண்டோஸ், மெஷின் பக்கம் லினக்ஸ். ஒரே ஆளுக்கு அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று பெட்டிக்கு ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். அதுதான் பாடம். கேட்டால் சுலபமாக இருக்கிறதா? இதில்தான் நான் தினமும் மண்ணைக் கவ்வினேன்.

"விண்டோஸ்ல ஜான்ஸ்மித். லினக்ஸ்ல ஜேஸ்மித். விதி ஒண்ணும் எழுதல. லினக்ஸ்ல அவரு வெச்ச ஃபைல விண்டோஸ்லேர்ந்து தொறக்க முடியுமா?" என்று வாசிப்பார் மங்கம்மா அக்கா.

"முடியும்!" என்பேன்.

போன் சிவப்பாகும். தப்பு.

"ஜான்ஸ்மித்தும் ஜேஸ்மித்தும் ஒரே ஆளுன்னு பச்சப் புள்ளைக்குக் கூடத் தெரியுமேக்கா!"

"எனக்குத் தெரியுது. இந்தப் போனுக்குத் தெரியலியே. நான் இன்னா பண்ணட்டும்?"

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளுக்கு ஒரே பெயர் இருந்தால்தான் ஆச்சரியம். வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை, சந்தையில் இன்னொன்று. மங்கம்மா அக்காவே ஓட்டு அட்டையில் மங்கம்மாள், கம்பெனிப் பதிவில் மங்கை, அத்திப்பள்ளி மாமியார் வீட்டில் மங்கம்மா. மூன்றுக்கும் அவர் திரும்பிப் பார்க்கிறார், சம்பளமும் ஒழுங்காக வருகிறது. இதற்கெல்லாம் ஒரு விதி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மற்ற பாடங்களில் வெளுத்து வாங்கினேன். பேர்ப் பொருத்தம் வந்தால் மட்டும் "முடியும், முடியும்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மாதிரிப் பரீட்சையில் அந்த ஒரு பாடமே என்னைத் தோல்விக்குப் பக்கத்தில் இழுத்துப் போய் நிறுத்தியது.

கோபம் வந்துவிட்டது. பாஸ்கரன் சாரிடம் கேட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியின் சோதனைப் பதிப்பைப் போட்டேன். லினக்ஸ் பக்கம் இனிஷியலோடு ganu என்று ஒரு ஆள், விண்டோஸ் பக்கம் anupriya என்று ஒரு ஆள். இரண்டும் நான்தான். ganu-வாக ஒரு ஃபோல்டர் செய்து, அதில் ஒரு ஃபைல் வைத்தேன். anupriya-வாக வந்து திறந்தேன்.

அனுமதி இல்லை.

மறுபடி தட்டினேன். அனுமதி இல்லை. நான் செய்த ஃபோல்டர், நான் வைத்த ஃபைல், உட்கார்ந்திருப்பதும் நானே. "நான்தான்டா அது!" என்று வாய்விட்டுக் கத்தினேன். அது அசைந்து கொடுக்கவில்லை. அதற்கு முகம் தெரியாது, குரல் தெரியாது, என் கோபமும் தெரியாது. எழுத்துதான் தெரியும். எழுத்து வேறு என்றால் ஆள் வேறு.

ஒரே ஒரு வரி விதி எழுதினேன். அவள்தான் இவள். மறுபடி தட்டியதும் ஃபோல்டர் திறந்துகொண்டது.

நான் போட்ட சத்தத்தில் பாஸ்கரன் சார் எங்கோ ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து ஓடிவந்தார். நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து பேர்ப் பொருத்தத்தில் ஒரு கேள்விகூட எனக்குத் தப்பாகப் போகவில்லை. நமக்குத் தெரிந்ததை எல்லாம் மறந்துவிட்டு எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும். அந்தப் பார்வை ஒட்டிக்கொண்டதும் வேறெதையும் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. கடைப் பலகையிலும் டிபன் டப்பாவிலும் கூட எழுத்து எழுத்தாகத்தான் கண் போனது.

பரீட்சைக்கு முதல் நாள் மாலை. பஸ் சூளகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. மறுநாள் எலக்ட்ரானிக் சிட்டியில் தேர்வு மையம், காலையிலேயே போக வேண்டும். என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று பார்ப்பதற்காகப் பதிவு மெயிலைத் திறந்தேன். என் பெயர் இருந்தது. அனுப்ரியா கங்கப்பா. கைப்பையிலிருந்து ஆதாரை எடுத்தேன். அனுப்ரியா கங்கப்பன்.

மிட்டாய் வாயிலேயே நின்றது.

பதிவு செய்யும்போது குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கெல்லாம் ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து நைனா பெயரைப் போட்டேன். பத்தாவது வரை ஆனேக்கல்லில் பெரியம்மா வீட்டில் இருந்து படித்தேன். அந்தக் கன்னடப் பள்ளி மார்க் கார்டில் கங்கப்பா. அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். ஆதார் எடுத்தது பர்கூரில். பெயர் கேட்டவர், நான் கங்கப்பா என்றதும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று தாமாகவே ஒரு 'ன்' சேர்த்துவிட்டார். இத்தனை வருஷம் அந்த 'ன்' யாரையும் கடித்ததில்லை.

மெயிலின் அடியில் தடித்த எழுத்தில் இருந்தது: அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி இல்லை.

மங்கம்மா அக்கா எட்டிப் பார்த்தார். "கங்கப்பான்னா இன்னா, கங்கப்பன்னா இன்னா? உங்கப்பன் ஒருத்தன்தானே!"

பஸ் குலுங்கிச் சிரித்தது.

"எழுத்து வேறன்னா ஆள் வேறக்கா" என்றேன். என் குரலே எனக்குப் பெட்டி பேசுவது போலக் கேட்டது.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. மேலுமலை ஏற்றம் வந்தால் சிக்னல் போய்விடும் என்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். மலை நெருங்க நெருங்க எனக்கு வேர்த்துக் கொட்டியது. மங்கம்மா அக்கா எழுந்து நின்று, "கரியப்பண்ணா, ஓரமா நிறுத்துங்க! இந்தப் பொண்ணோட அப்பன் பேர்ல ஒரு எழுத்து கொறயுது!" என்று கத்தினார்.

டிரைவர் கரியப்பன் அண்ணன் எதற்கு என்று கேட்கவில்லை. இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டி, பாட்டையும் நிறுத்தினார். வீட்டுக்குப் போக அவசரப்படும் ஒரு பஸ் முழுக்க மூச்சுவிடாமல் என்னைப் பார்த்தது.

ஒருவர் எடுத்தார். ஆங்கிலத்தில்தான் பேச்சு. விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எழுத்துப் பிழை என்றால் நானே இப்போதே திருத்திவிடுவேன் மேடம். இது எழுத்துப் பிழையா?"

"பிழை இல்லை சார். இரண்டும் சரி. ஒரே ஆள்தான். கர்நாடகத்தில் அப்படி எழுதுவார்கள், இங்கே இப்படி."

"இரண்டும் சரி என்றால் அது வேறு பெயர் மேடம். வேறு பெயருக்கு மாற்ற எனக்கு அனுமதி இல்லை. இந்தப் பதிவை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். நாள் அடுத்த மாதம்தான் கிடைக்கும்."

அடுத்த மாதம்! பாஸ்வேர்டு பெங்களூரிலேயே குடித்தனம் போட்டுவிடும். "சார், எங்க நைனாவை வீட்டில் எல்லோரும் கங்கப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்" என்றேன். எனக்கே தெரிந்தது, அவருக்கு இதெல்லாம் தேவையில்லை.

"மேடம், இது எழுத்துப் பிழையா, இல்லையா?"

மங்கம்மா அக்கா என் கையைக் கிள்ளினார். "தப்புன்னு சொல்லேன்டி! ஒரு வார்த்த. தப்புன்னு சொல்லு!"

அம்மா வாசலில் நின்று நைனாவைக் கூப்பிடும் பெயர் அது. கிரானைட் ஃபேக்டரியில் கூட வேலை செய்கிறவர்கள் சண்டை போடுவதும் டீக்குக் கூப்பிடுவதும் அந்தப் பெயரில்தான். அதைத் தப்பு என்று சொல்ல வேண்டும், அதுவும் முகம் தெரியாத ஒருவரிடம்.

"எழுத்துப் பிழைதான் சார்."

"அப்படியானால் கங்கப்பா என்பது தவறு. உறுதி செய்கிறீர்களா?"

"ஆமாம். தவறு."

கீபோர்டில் அவர் தட்டுவது கேட்டது. நாங்கள் பஸ்ஸில் இருக்கும்போதே புது மெயில் வந்துவிட்டது. அனுப்ரியா கங்கப்பன். மங்கம்மா அக்கா அதை ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசித்தார், பின் சீட்டிலிருந்து விசில் பறந்தது, கரியப்பன் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே மேலுமலையில் ஏறினார். எல்லோரோடும் சேர்ந்து நானும் கத்தினேன். உள்ளுக்குள் மட்டும் ஏதோ ஒன்று சுருக்கென்று இருந்துகொண்டே இருந்தது. நைனாவுக்கு அன்று இரண்டாம் ஷிஃப்ட், வீட்டில் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

மறுநாள் தேர்வு மையத்தில் ஒரு பெண் என் ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு, திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் நகர்த்தினாள். கடைசி எழுத்தில் விரல் நின்றது. "போங்க மேடம்" என்றாள்.

போனேன். பசி வயிற்றைக் கிள்ளியது, அது நல்ல சகுனம். முதல் கேள்வி ரேஷன். அடுத்தது போட்டோ. எங்கள் பஸ்ஸே என் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. ஒரு கேள்வியில் தடுமாறியபோது "பி போடு!" என்ற குரல்கூடக் கேட்டது, நல்லவேளை போடவில்லை. பாதியில் அது வந்தது. ஒரு ஆள், இரண்டு பெயர், விதி இல்லை. திறக்க முடியுமா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடியாது சார், சத்தியமாக முடியாது, நேற்று சாயங்காலம் சூளகிரி தாண்டி நானே பார்த்தேன். தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

முடிந்ததும் திரை கொஞ்ச நேரம் வெள்ளையாக நின்றது. அப்புறம் காட்டியது: தேர்ச்சி.

உள்ளே சத்தம் போடக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படியெல்லாம் இறங்கி ஓடி, சாலைக்கு வந்துதான் கையை எடுத்தேன். பக்கத்தில் பானிபூரி விற்றவர் பயந்துபோனார். அவரிடமே இரண்டு தட்டு வாங்கித் தின்றபடி பாஸ்கரன் சாருக்குப் போன் செய்தேன்.

"அடி சக்க!" என்று அவர் போட்ட சத்தம் என்னுடையதற்குக் குறைவில்லை. "சாயங்காலத்துக்குள்ள சர்டிஃபிகேட்ட அனுப்பும்மா. அதுல இருக்கற பேருக்கே அட்மின் அக்கவுண்ட் போட்டுக் குடுத்துடறேன்னு பிரதாப் சொல்லிட்டாரு. மாடோணா இல்ல, இன்னிக்கேன்னு சொன்னாரு!"

போனிலேயே அவர்கள் தளத்தைத் திறந்தேன். சர்டிஃபிகேட் தயாராக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கட்டம்: உங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டும்? விருப்பப்படி திருத்தலாம்.

விருப்பப்படியாம்! நேற்று ஒரு எழுத்துக்காக என்னை உருட்டி எடுத்தவர்கள், இன்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கிறார்கள். சிரிப்பும் ஆத்திரமுமாக வந்தது. கட்டத்தில் அனுப்ரியா என்று மட்டும் வைத்துக்கொண்டு நைனாவுக்குப் போன் போட்டேன். கல் அறுக்கும் மெஷின் இரைச்சலுக்கு நடுவே எடுத்தார்.

"நைனா, பாஸாயிட்டேன்!"

"ஆயிட்டியா! ஏய், எம் பொண்ணு பாஸாயிட்டாடா!" என்று அந்தப் பக்கம் யாரிடமோ கத்தினார். "பெட்டி சாவி இனிமே உங்கிட்டயா?"

"எங்கிட்டதான். நைனா, ஒண்ணு சொல்லணும். நேத்து உன் பேரு தப்புன்னு சொல்லிட்டேன். கங்கப்பான்றது தப்புன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன் நைனா. சொன்னாத்தான் பரீட்சைக்கு விடுவேன்னாங்க." அழுதுவிட்டேன். பானிபூரிக்காரர் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

"பாஸ் பண்ணிட்டு இன்னாத்துக்கு அழுவற?"

"சர்டிஃபிகேட்ல இப்ப எது வேணா போடலாமாம். கங்கப்பான்னு போடட்டா, கங்கப்பன்னு போடட்டா? உன் பேரு எது, நீயே சொல்லு."

இரைச்சல் குறைந்தது, வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது. இதுவரை யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதியவர்கள் எல்லோரும் அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள்.

"எதப் போட்டா உன்ன உள்ள விடுவாங்களோ, அதான் என் பேரு" என்றார் நைனா. "வெச்சுடு, மெஷின் ஓடிகினு இருக்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கங்கப்பா என்று அடித்தேன். கம்பெனியில் என் பழைய லாகின் கங்கப்பன் என்றுதான் இருக்கிறது, இரண்டும் பொருந்தாது, நாளைக் காலையில் பெட்டி என்னை யாரென்று கேட்கும். கேட்கட்டும். அதற்கு ஒரு வரி எழுதினால் போதும், அதை எழுதுகிற ஆள் இனிமேல் நான்.